'கட்டணம் இல்லை' பலகையில் நான் செய்த திருத்தம்

எனது பெயரும் முகவரியும் மேலே குறித்துள்ளபடி. வயது நாற்பத்தொன்பது. வேதியியல் முதுகலை படித்து, மருந்து ஆலையொன்றின் தரச் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். வங்கியின் பலகையைச் சேதப்படுத்தியதாக அதன் மேலாளர் கொடுத்த புகாரின் பேரில் காவல் நிலையத்தில் விசாரிக்கப்பட்டுச் சொல்வதாவது:

என் மகளுக்கு வெளிநாட்டுக் கல்லூரியில் இடம் கிடைத்தது. கெடுவுக்குள் முழுத் தொகையும் போய்ச் சேர்ந்தால்தான் இடம் நிற்கும். பிட்காயினாக அனுப்பினால் அங்குள்ள தன் நண்பர் மாற்றிக் கட்டிவிடுவார் என்று என் தம்பி சொன்னான். "வாங்குறப்போ ஒரு கமிஷன், விக்கிறப்போ ஒரு கமிஷன், நடுவுல விலை விழுந்தா நீ தருவியா?" என்று கேட்டேன். அவன் கைப்பேசியைக் காட்டி, "அதெல்லாம் இருக்குக்கா, இல்லேங்கல. ஆனா அனுப்புற கூலி இதோ இவ்வளவுதான். நூறு அனுப்பினாலும் லட்சம் அனுப்பினாலும் ஒண்ணுதான். நெட்வொர்க்ல நெரிசல்னா ஏறும், அதையும் அனுப்புறதுக்கு முன்னாடியே காட்டிடும்" என்றான். மூளையை அடகு வைத்துவிட்டாயா என்று கேட்டு அவனை அனுப்பிவிட்டேன்.

அதன்பின் வங்கிக்குப் போனேன். கவுன்டருக்கு மேல் 'வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பக் கட்டணம் இல்லை' என்ற பலகை இருந்தது. முழுத் தொகையும் சேருமா என்று அங்கிருந்த பெண்ணிடம் இரண்டு முறை கேட்டேன். "சேரும் மேடம், சும்மா பயப்படாதீங்க" என்றார். அனுப்பினேன்.

அதன்பின், தொகை குறைவாக வந்ததால் இடம் அடுத்தவருக்குப் போய்விட்டதாகக் கல்லூரியிலிருந்து மகளுக்குத் தகவல் வந்தது. குறைந்த தொகை ஒரு ஜோடி செருப்பின் விலைதான். மகள் அழவில்லை. கட்டிய பெட்டியைத் திறந்து, துணிகளை மறுபடி அலமாரியில் அடுக்கினாள்.

மறுநாள் மேலாளரிடம் கேட்டேன். "நாங்க எடுக்கலை மேடம். நடுவுல இருக்கிற வங்கி எடுத்திருக்கும். எவ்வளவுன்னு முன்கூட்டி எங்களுக்கே தெரியாது" என்றார். நாணய மாற்று விகிதத்தில் இவர்கள் கூடுதலாக வைத்துக்கொண்டதைக் கேட்டதற்கு, "அது கட்டணத்துல வராதுங்க" என்றார். மருந்து அட்டையில் நான் இப்படி எழுதினால் உள்ளே வைத்துவிடுவார்கள் என்றேன். சிரித்தார்.

அதன்பின் நாற்காலியில் ஏறி, அழியாத மையால் 'இல்லை' என்பதை அடித்து, 'எவ்வளவு என்று எங்களுக்கே தெரியாது' என்று எழுதினேன். யாரையும் திட்டவில்லை. காவலாளி, "விழுந்துடாதீங்கம்மா" என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் புகாரைத் திரும்பப் பெறுவதாக மேலாளர் இங்கே சொன்னார். என் மகளுக்கு யார் கடிதம் கொடுப்பார்கள் என்று கேட்டேன். நான் கடிதம் தரப் போவதில்லை. பலகையின் விலையைக் கட்டத் தயார். எவ்வளவு என்று முன்னாலேயே சொல்ல வேண்டும்.

இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(கையொப்பம்)