கேட்க ஆளில்லை என்று எழுதினேன்

தலைமை ஏற்றிருக்கும் துணிக்கடை அப்துல் கய்யூம் அவர்களே, காஜா பேராங் படிப்பகத்தைக் கட்டிக் காக்கும் பெரியோர்களே, பிள்ளையை மடியிலும் பொறுமையை மனத்திலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! நிருபன் கணேசமூர்த்தியின் வணக்கமும் சலாமும்.

செய்தி எங்கே பிறக்கிறது என்று பேசச் சொன்னார்கள். என் பேனாவிலா? ஆசிரியர் மேசையிலா? இல்லை! போலீஸ் நிலையத்துப் புகார்ப் புத்தகத்தில், புழுதி படிந்த பக்கத்தில், இரண்டே வரியாய்ப் பிறக்கிறது. அங்கே யார் சிரிப்பது? உங்கள் சைக்கிள் காணாமற்போன கதையையும் அங்கேதான் படித்தேன், ஐயா!

காலையில் பட்டண நிலையம், பகலில் பத்து பெரெண்டாம் நிலையம். இரண்டையும் படிப்பவன் நான் ஒருவனே. பட்டணத்தில் கான்ஸ்டபிள் அலி அக்பர் புத்தகத்தைத் திருப்பி வைப்பார். "என்னா மூர்த்தி அண்ணே, கோப்பி குடிச்சாச்சா? இன்னிக்கு ரெண்டு வரிதான்" என்பார். நாள் முழுவதும் என்னை அப்படிக் கேட்பவர் வேறு யாருமில்லை. ஒரு கடைக்கு மேலே ஓர் அறை, ஒரு பாய், ஒரு தட்டு. அதுதான் என் குடித்தனம்.

சென்ற ஆண்டு மெர்டேக்கா, நம் நாட்டு விடுதலை நாள்! ஊரே கொடி, ஊரே கோஷம், ஊரே கொண்டாட்டம்! மறுநாள் புத்தகத்தில் இரண்டு வரி: 'ஆற்றோரக் கூட்டத்தில் மயங்கி விழுந்து மரணம். இந்தியர், ஐம்பது வயது, இடக்காதில் மட்டும் கடுக்கன், கேட்க ஆளில்லை.' அப்படியே எழுதி அனுப்பினேன். அப்படியே அச்சில் வந்தது.

அந்த வாரமே செவ்வாய்க்கிழமை, பத்து பெரெண்டாமில் இன்னும் இரண்டு வரி: 'கணவர் மருதமுத்துவைக் காணவில்லை. ஒற்றைக் கடுக்கன் அணிந்தவர். புகார் தந்தவர் ருக்மணி.' அதையும் இதே கையால் எழுதிக்கொண்டேன்.

கண் இருந்ததா எனக்கு? கருத்து இருந்ததா? ஒரு நோட்டு, இரு பக்கம், ஒரே கடுக்கன்! ஏன் இணைத்துப் பார்க்கவில்லை? சொல்லவே வெட்கமாக இருக்கிறது. கேட்க ஆளில்லை என்ற சொல்லை நான் சந்தேகிக்கவே இல்லை. ஒரு மனிதனுக்கு ஒருவருமே இல்லாமல் இருப்பது எனக்கு அவ்வளவு பழகிப்போயிருந்தது.

வெள்ளிக்கிழமை நோட்டைப் புரட்டியபோதுதான் திடுக்கிட்டேன். சைக்கிளை மிதித்தேன். அந்த அம்மையார் வாசலிலேயே நின்றிருந்தார். ஆஸ்பத்திரிக்காரர்கள் புதன்கிழமையே அடக்கம் செய்துவிட்டார்கள் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"செவ்வாக்கிழமையே சொல்லியிருந்தா மொகத்தப் பாத்திருப்பேனே, தம்பி. ஒரு பிடி வாய்க்கரிசி போட்டிருப்பேனே" என்றார். அழவில்லை. என் நோட்டை வாங்கி அந்தப் பக்கத்தைத் தடவிப் பார்த்தார். "இவருக்கு ஆள் இருக்குன்னு பேப்பர்ல போடுங்க. அது போதும்."

போட்டேன். 'ஆற்றோரம் மாண்டவர் மருதமுத்து. அவருக்கு மனைவி உண்டு. பெயர் ருக்மணி.' இருபது ஆண்டு எழுத்தில் நான் எழுதிய நல்ல செய்தி அது ஒன்றுதான். அதுவும் மூன்று நாள் பிந்திய செய்தி.

எழுத வரும் இளைஞர்களே! புத்தகத்தைப் படியுங்கள், பக்கத்தோடு பக்கம் ஒட்டிப் பாருங்கள், பிறகு புறப்பட்டுப் போய்க் கதவைத் தட்டுங்கள்! புத்தகம் சொல்வது பாதி. அந்த வாசலில் நிற்பவர் சொல்வதுதான் மீதி!

கூட்டம் கலைந்ததும் நீங்கள் உங்கள் வீட்டுக்குப் போவீர்கள். நான் என் அறைக்குப் போவேன். நாளை ஒருநாள் என் பெயரும் அந்தப் புத்தகத்தில் ஏறும். அன்று யாராவது 'கேட்க ஆளில்லை' என்று எழுதப் போனால், உங்களில் ஒருவர், ஒரே ஒருவர், எழுந்து போய், "இருக்கிறோம்" என்று சொல்லுங்கள்.

என்ன, பின்வரிசையிலிருந்து கை தூக்குகிறீர்களா? சைக்கிள்காரரே, நீங்களா! போதும் ஐயா, எனக்கு அது போதும். இவ்வளவு நேரம் காது கொடுத்த உங்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம்.