டென்சிலின் சிவப்பு பிளக்

சால்டர் வைக்கும்போது நான் ஃபேன் போடுவதில்லை, சார். காற்று பட்டால் ஈயம் சீக்கிரம் ஆறிவிடும். பார்க்கப் பளபளவென்று இருக்கும், இழுத்தால் கையோடு வந்துவிடும். பெங்களூர் பீன்யாவில் பேனல் போர்டு ஒயரிங்கில் பத்தொன்பது வருஷமாக இருக்கிறேன். நான் வைத்த ஜாயின்ட் ஒன்றுகூட விட்டுப்போனதில்லை. டென்சிலின் விமானத்தில் வைத்ததும் விடவில்லை, பிரித்துப் பார்த்தால் தெரியும்.

கிருஷ்ணப்பா சார், உங்களுக்குத் தமிழ் நன்றாகப் புரிகிறது. நான் தமிழிலேயே சொல்கிறேன், நீங்கள் வாக்குமூலத்தைக் கன்னடத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் யலஹங்கா தாண்டி ஒரு வறண்ட ஏரியில் கூடுவோம். பத்துப் பன்னிரண்டு பேர். பாட்டரியில் ஓடும் பொம்மை விமானம் விடுவோம். பொம்மை என்கிறேன், ஆனால் டென்சிலுடையதில் பதினாலு அங்குல ப்ரொபெல்லர். பெட்ரோல் இன்ஜின் என்றால் சத்தம் போட்டு எச்சரிக்கும். எலெக்ட்ரிக் மோட்டார் அப்படி இல்லை. செத்ததுபோல் கிடக்கும், ரிமோட்டில் வேகக் குச்சியைத் தள்ளினால் அந்த நொடியே சுழலும். அதனால் பறக்காத நேரத்தில் பாட்டரியைக் கழற்றிவிட வேண்டும். குழந்தைக்கும் புரியும் விஷயம்.

டென்சிலுக்குப் புரியவில்லை. ரிச்சர்ட்ஸ் டவுன்காரன், ஏர் கார்கோவில் வேலை, வாய் நிறையச் சிரிப்பு. இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு ஞாயிறு, பாட்டரியை மாட்டியபடியே விமானத்தைத் தரையில் வைத்துவிட்டு சிகரெட் பிடிக்கப் போனான். என் மனைவி கோமளம் எல்லாருக்கும் எலுமிச்சஞ்சாதம் கட்டி எடுத்து வந்திருந்தாள். ஜமக்காளம் விரிக்க இடம் வேண்டுமென்று அந்த விமானத்தைத் தூக்கி நகர்த்தப் போனாள். மோட்டார் சுழன்றது. ரிமோட் சாய்ந்து குச்சி அழுந்திவிட்டது என்று எல்லாருக்கும் நான்தான் சொன்னேன். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின.

அவள் ஒரு மீட்டர் கம்பெனியில் அசெம்ப்ளி லைனில் இருந்தாள். மயிரிழை போன்ற கம்பியை விரல் நுனியால் சுற்ற வேண்டிய வேலை. இப்போது பேக்கிங்கில் அட்டைப்பெட்டி மடிக்கிறாள். சாதத்தை ஸ்பூனால் சாப்பிடுகிறாள்.

டென்சில் தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்தான். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். கோமளம் அவனைப் பார்த்து, "அழாதீங்கண்ணா, வேணும்னா செஞ்சீங்க? விடுங்க," என்றாள். அவள் அப்படிச் சொன்னதை இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை. மன்னிக்க இவள் யார்? தினம் காலையில் அவளுக்குத் தலை பின்னிவிடுவது நான்.

அதற்குப் பிறகு ஒரு விதி கொண்டுவந்தேன். எல்லா விமானத்திலும் பாட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவே ஒயரை வெட்டி, வெளியிலிருந்து பிடுங்கும்படி ஒரு சிவப்பு பிளக். பிளக்கைப் பிடுங்கினால் கரண்ட் போகாது. தரை இறக்கியவர் பிளக்கைப் பிடுங்கித் தலைக்குமேல் தூக்கிக் காட்டி "பிளக் வெளியே" என்று கத்த வேண்டும். நாங்கள் எல்லாரும் திருப்பிக் கத்துவோம். ரிமோட்டை என்னிடம் கொடுத்த பிறகுதான் விமானத்தில் கை வைக்கலாம். புதிதாக வந்தவர்கள் சிரிப்பார்கள். ஒருமுறைகூடச் சிரிக்காதவன் டென்சில்தான். பிளக்கில் நாடா கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்வான். மற்றவர்களுக்கும் பாடம் எடுப்பான். 'டென்சில் மாதிரி ஜாக்கிரதையா இருங்கப்பா' என்று பேச்சு வந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, சார். இவன் ஜாக்கிரதையாவதற்கு என் பெண்டாட்டியின் விரல் வேண்டியிருந்ததா? அவன் மறந்திருந்தால்கூட விட்டிருப்பேன். திருந்திவிட்டான். திருந்தி நல்ல பெயரும் வாங்கிவிட்டான். அதற்கு என்ன தண்டனை இருக்கிறது?

போன மாதம் மோட்டாரை மாற்றினான். ஒயரிங்குக்கு என் வீட்டுக்கு, தொம்மலூருக்கே, எடுத்துக்கொண்டு வந்தான். "உன் கையால பண்ணிக் குடு மேன் மாணிக்கம். வேற யாரையும் நம்ப மாட்டேன்," என்றான். கோமளம் அவனுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள், இடது கையால்.

செய்து கொடுத்தேன். பிளக்குக்கு உள்பக்கம், இந்த முனைக்கும் அந்த முனைக்கும் குறுக்கே விரல் நீளத்துக்கு ஒரு ஒயர் வைத்தேன். ஒயர் தெரியாதபடி மேலே கறுப்பு ஸ்லீவ் ஏற்றினேன். பிளக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இனி கரண்ட் போகும். ஆனால் பிளக் வெளியே இருக்கும்போதே பாட்டரி மாட்டினால் மோட்டார் 'பீப்' என்று கத்திக் காட்டிக்கொடுக்கும். அதனால் இந்த ஞாயிறு ஏரியில் அவன் டீ குடிக்கும்போது நானே பாட்டரியை மாட்டி வைத்தேன்.

ஒரு சுற்று அழகாகப் பறந்தது. இறக்கினான். பிளக்கைப் பிடுங்கித் தூக்கிக் காட்டினான். "பிளக் வெளியே" என்றான். எல்லாரும் கத்தினார்கள், நானும் கத்தினேன். ரிமோட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, ப்ரொபெல்லர் நட்டு லூஸாக இருக்கிறதென்று அதன் முன்னால் மண்டியிட்டு இரண்டு கையையும் வைத்தான். நாடா கழுத்தில் தொங்கியது.

குச்சியைக் கடைசிவரை தள்ளினேன். ஒரு வினாடி போதும். நான் மூன்று எண்ணினேன்.

வலது கையில் நாலு விரல், இடது கையில் கட்டை விரல். இரண்டுதான் நினைத்திருந்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், நானும் வற்புறுத்தவில்லை. துண்டால் இறுக்கிக் கட்டியவனும் நான்தான். ஆட்டோவில் என் மடியில் தலை வைத்திருந்தான். "பிளக் எங்கிட்ட தான மேன் இருக்கு? நான்தான் ஏதோ தப்பு பண்ணிட்டேன் மாணிக்கம். உன் மேல தப்பு இல்ல," என்றான். நேற்று ஆஸ்பத்திரியிலும் அதையே சொன்னான். வருகிறவர்களிடமெல்லாம் தன் கவனக்குறைவு என்று சொல்லி அழுகிறான்.

நீங்கள் என்னைத் தேடி வரவில்லை, நானாக வந்தேன். அதற்குக் காரணம் இதுதான். யார் செய்தது, எதற்காகச் செய்தது என்று அவனுக்குத் தெரியாவிட்டால் நான் செய்ததற்கே அர்த்தம் இல்லை. நீங்கள் போய் அவனிடம் சொல்ல வேண்டும்.

கிளம்புமுன் கோமளத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று இல்லை, ஒரு வார்த்தையாவது சொல்வாள் என்று நினைத்தேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை மூடினாள்.

"அன்னிக்கு ரிமோட் சாயலீங்க. அவரு புதுசா வாங்கியிருக்காரேன்னு நீங்க கையில எடுத்து நோண்டிட்டு இருந்தீங்க. நான் பாத்தேன். ரெண்டு வருசமா உங்க மூஞ்சியப் பாத்து வாய மூடிட்டு இருந்தேன். அந்த மனுசன் உங்க பழியையும் சேத்துச் சொமந்தான்," என்றாள்.

அவள் சொல்வது உண்மைதான், சார். ஆனால் அது வேறு. நான் சும்மா எடுத்துப் பார்த்தேன், அவ்வளவுதான். பாட்டரியைக் கழற்றாமல் போனவன்மேல்தான் தப்பு. மற்றதை எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள், இதை மட்டும் நான் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள்.