ஒரே பாலத்தில் இரண்டு கேபிள்

— ரெண்டும் ஒரே குழாய்க்குள்ளயா? ஒயரு, நல்லா பார்த்துச் சொல்லு. வெயில்ல கண்ணு இருட்டிக்கிட்டு வந்திருக்கும்.

— கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்குக்கா, ஒயருன்னு நீங்க வெச்ச பட்டப்பேருக்குக் குறைச்சல் வராது. பாலத்துக்குக் கீழே முழங்கால் சேத்துல நின்னுக்கிட்டுப் பேசறேன். ரெண்டு கம்பெனி கேபிளும் ஒண்ணா உள்ள போகுது, ஒண்ணா அந்தக் கரையில வெளிய வருது.

— அது எப்படிடா? ஒரு கம்பெனி லைன் பாலம் வழியா, இன்னொரு கம்பெனி லைன் ரயில் பாதை வழியான்னுதானே சொன்னாங்க? சிவப்புல ஒண்ணு, நீலத்துல ஒண்ணுன்னு கோடு போட்டு சுவத்துல ஒட்டி வெச்சிருக்கே. தினமும் அந்த மேப் மூஞ்சியிலதான் முழிக்கறேன்!

— கோடு போட்டவன் ஆபீஸ்ல ஏசியில உக்காந்து போட்டிருக்கான்க்கா. நீலக் கம்பெனி தனியா பள்ளமே தோண்டல. சிவப்புக் கம்பெனி குழாயிலயே இடம் கேட்டு, கேபிளை நுழைச்சு விட்டுட்டாங்க. இதோ, கேபிள் ஒட்டற அண்ணன் பக்கத்துலயே நிக்கறாரு. ஸ்பீக்கர்ல போடறேன்.

— வணக்கம் மேடம். ரெண்டு கம்பெனிக்கும் ஒட்டறவன் நான்தான். ஒரே குழாய்ல ரெண்டு பேர் போறதெல்லாம் சர்வ சாதாரணம். என்கிட்ட யாரும் கேக்கறதில்ல மேடம். கேட்டாத்தானே சொல்லுவேன்?

— பாலத்தை எப்போ இடிக்கறாங்கண்ணே?

— நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு. மெஷினெல்லாம் வந்து வரிசையா நிக்குது. 'எங்களுக்கு இன்னொரு லைன் இருக்கு, நீங்க தாராளமா வெட்டுங்க'ன்னு உங்க ஆபீஸ்லயே எழுதிக் கொடுத்துட்டாங்களாமே?

— கொடுத்தோம்ணே. சிவப்பு போனாலும் நீலம் இருக்கேன்னு நிம்மதியா தூங்கினோம். இவன் என்னவோ மனசு கேக்காம இன்னிக்கு வந்து பார்த்திருக்கான்.

— ஏன் மேடம், கொஞ்ச நாள் லைன் இல்லைன்னா குடியா முழுகிடும்? ஆஸ்பத்திரின்னா டாக்டர் இருக்காரு, மருந்து இருக்கு. கேபிளுக்கு என்ன வேலை அங்க?

— குடிதான் முழுகும்ணே. இங்க எந்த டாக்டர் எதை எழுதினாலும், எந்த ஸ்கேன் எடுத்தாலும், கீழ்த்தளத்துல இருக்கற என் ஸ்டோரேஜ் பெட்டியில விழும். அதே நேரத்துல அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கற இன்னொரு பெட்டிக்கும் போகணும். 'நானும் எழுதிட்டேன்'னு அங்கிருந்து பதில் வந்தாத்தான் இங்க எழுதினது செல்லும். பதில் வரலைன்னா எல்லா ஸ்கிரீனும் அப்படியே நின்னுடும். ஆபரேஷன் நடக்கற இடத்துலயும்தான்.

— அடேயப்பா! அவ்ளோ பிடிவாதமா?

— நாங்கதான் அப்படி வெச்சிருக்கோம். தளர்த்தியும் விடலாம். ஆனா என் பெட்டி கிழடு. ரெண்டு டிஸ்க் ஏற்கெனவே சிவப்பு விளக்கைக் காட்டிக்கிட்டு நிக்குது. அடுத்த பக்கம் நகல் இல்லாத நேரமா பார்த்து இதுவும் படுத்துட்டா? யாருக்கு எந்த மருந்து ஒத்துக்காது, யாருக்கு என்ன ரத்தம் ஏத்தினோம், ஒண்ணும் தெரியாது.

— அக்கா, நான் ஒண்ணு சொல்லட்டுமா?

— நீ பேசாத! உன் மேல அப்படியே பத்திக்கிட்டு வருது எனக்கு. லைன் எடுக்கும்போது நாலே நாலு விஷயம்தானே கேட்டோம்? போயிட்டுத் திரும்ப அஞ்சு மில்லிசெகண்டைத் தாண்டக் கூடாது. எங்க உச்சகட்ட நேரத்துக்கும் வேகம் தாங்கணும். வழியில ஒண்ணும் தொலையக் கூடாது. நாலாவது, ரெண்டு லைனும் எங்கயும் ஒண்ணு சேரக் கூடாது, அதை நேர்ல நடந்து பார்க்கணும். மூணையும் மெஷின் வெச்சு அளந்துட்டே. நாலாவதுக்கு மட்டும் கால் வலிச்சுதோ?

— தப்புதான்க்கா. மொத்தமும் என் தப்பு.

— அந்த மாசம் உங்க மாமா மூச்சு விட முடியாம இதே ஆஸ்பத்திரியில, மூணாவது மாடி ஐசியூல கிடந்தாரு. நான் மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் பைத்தியம் பிடிச்ச மாதிரி ஓடிக்கிட்டிருந்தேன். நான் மட்டும் நிதானத்துல இருந்திருந்தா இதை விட்டிருப்பேனா? உன் காதைத் திருகிப் பாலத்துக்குத் துரத்தியிருப்பேன்.

— ஆமாக்கா.

— என்ன ஆமா? எதுக்கெடுத்தாலும் ஒரு ஆமாக்கா!

— மேடம், பையனைத் திட்டினது போதும். ரயில் பாதையோரமா ஒரு கேபிள் போகுது. அதுக்குள்ள ரெண்டு கண்ணாடி இழை யாரும் பயன்படுத்தாம சும்மாதான் கிடக்கு. கம்பெனிக்கு உங்க மேனேஜர் ஒரு வார்த்தை சொன்னா, நான் ராவோட ராவா ஒட்டிக் கொடுத்துடறேன். நம்ம கை பட்டா சுத்தமா இருக்கும்.

— அது சுத்துவழியாச்சே! எவ்ளோ தூரம்?

— தொண்ணூறு கிலோமீட்டர் வரும்.

— தொண்ணூறுன்னா... மெஷினெல்லாம் சேர்த்தாக்கூட ரெண்டு மில்லிசெகண்டைத் தாண்டாது. போதும்ணே, தாராளமா போதும்! வயித்துல பாலை வார்த்தீங்க.

— ஆனா அஞ்சு மணிக்குள்ள சொல்லணும் மேடம். கம்பெனி கதவைச் சாத்திட்டாங்கன்னா நான் யார்கிட்ட போய் நிக்க?

— மேனேஜர், 'ரெண்டு இருக்கே, மூணாவது எதுக்கு'ன்னு கேப்பாரு. ஒயரு, நீலத்துல ஏதோ கோளாறுன்னு சொல்லிடட்டுமா? உனக்கு அடுத்த மாசம் நிரந்தர ஆர்டர் வரணும். உன் வீட்டுக்காரிக்கு ஏழு மாசம். இப்போ போய் இது வெளிய வந்தா ஆர்டர் என்ன, இருக்கற வேலையே போயிடும்.

— வேண்டாம்க்கா. கோளாறுன்னு சொன்னா, பாலம் கட்டி முடிச்சதும் ரெண்டையும் திரும்ப ஒரே குழாய்ல போட்டுட்டுப் போயிடுவாங்க. நடந்ததை அப்படியே மெயிலா எழுதி வெச்சிருக்கேன். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

— யார் பேரைப் போட்டிருக்கே?

— என் பேருதான். வேற யார் பேரைப் போடுவேன்?

— உன்னைப் போய் இவ்ளோ திட்டிட்டேனே, போ. சரி, அந்த நாலு விஷயத்தையும் சோதிச்சுக் கையெழுத்துப் போட்ட பேப்பரோட நம்பரையும் மெயில்ல சேர்த்துடு. நம்பர் இல்லைன்னா அந்த மனுஷன் படிக்கவே மாட்டாரு. இரு, ஃபைல் என் அலமாரியிலதான் இருக்கு.

— நம்பர் வேண்டாம்க்கா!

— ஏன்டா?

— நேரமாகுதில்ல... ஃபைலெல்லாம் எதுக்கு இப்போ? விடுங்க.

— உள்ள என்ன பூதமா இருக்கு? இதோ, கையில வந்துடுச்சு. தூசியைப் பாரு... முதல் வரி, உன் கையெழுத்து. ரெண்டாவது, உன் கையெழுத்து. மூணாவதும் நீதான். நாலாவது...

— அக்கா.

— இரு, இன்னொரு தடவை படிக்கறேன்.

— அக்கா, அதை மூடி வைங்க.

— அப்படி என்ன மேடம் எழுதியிருக்கு அதுல?

— அப்புறம் சொல்றேன்ணே. ஒயரு, இந்தப் பேப்பரை நீ எப்போ பார்த்தே?

— காலையில, இங்க கிளம்பறதுக்கு முன்னாடி, கம்ப்யூட்டர்ல இருக்கற நகல்ல.

— பார்த்துட்டுதான் இவ்ளோ நேரம் என்கிட்ட திட்டு வாங்கிக்கிட்டு நின்னியா?

— அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. பாவம், நீங்க அன்னிக்கு இருந்த இருப்புக்கு... விடுங்க. மெயிலை அனுப்பிடறேன்.

— அனுப்பாத. லைன்லயே இரு. மேனேஜரை இந்தப் போன்லயே சேர்க்கறேன்.

— ஹலோ, மேனேஜர்தான் பேசறேன். சொல்லுங்க ஸ்டோரேஜ் மேடம். மீட்டிங்ல இருக்கேன், சுருக்கமா.

— சார், நம்ம ரெண்டு லைனும் ஒரே பாலத்துல, ஒரே குழாய்ல போகுது. காலையில ஏழு மணிக்கு ரெண்டும் போயிடும். ரயில் பாதை கேபிள்ல ரெண்டு இழை இருக்கு. நீங்க கம்பெனிக்கு இப்பவே போன் பண்ணினா விடியறதுக்குள்ள ஒட்டிடலாம். இல்லைன்னா ஆஸ்பத்திரி நின்னுடும்.

— என்னது! சரி, சரி, இப்பவே பேசறேன். ஒட்டறவரைக் கிளம்பச் சொல்லுங்க.

— கிளம்பிட்டேன் சார்!

— இருங்க மேடம், வைக்காதீங்க. தனித்தனிப் பாதைன்னு நேர்ல பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கே? நெட்வொர்க் பார்க்கற அந்த ஆள்தானே? அடுத்த மாசம் ஆர்டர் வாங்கப் போறவன்?

— சார், நான்தான் சார். மொத்தமும் என்னோட...

— ஒயரு, வாயை மூடு. சார், ஐசியூ வாசல்ல நின்னுக்கிட்டு, என்ன ஏதுன்னு படிக்காமகூட, 'நேரில் நடந்து பார்த்தேன்'னு நாலாவது வரியில கையெழுத்துப் போட்டது நான்.