பின்னால் நீட்டிய கை

பொழுது சாய்கிற நேரம். புக்தர்மா ஆற்றைத் தாண்டி மலைமேல் ஏறுகிற பாதை. ஈ காக்கை கிடையாது. ஒரே ஒரு லாரி மட்டும் முக்கி முனகி ஏறிக்கொண்டிருக்கிறது... முதுகில் ஒரு பெரிய விறகு லோடு.

நெருங்கி உட்காருங்கள். கதவையே பார்க்காதீர்கள், அது எங்கும் ஓடிப்போகாது.

இது என் சிநேகிதன் ஒராஸின் பெரியம்மாவுக்கு நடந்தது. ஒராஸ் வாயைத் திறந்தால் பொய்தான், இங்கே யாருக்குத் தெரியாது? ஆனால் இதைச் சொன்ன அன்று அவன் கையில் இருந்த டீயைக் குடிக்க மறந்துவிட்டான்.

பெரியம்மா பெயர் பிபிகுல். மலையடியில் கடைசி வீடு அவளுடையது. புருஷன் தோக்தார் செத்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. வருஷச் சாப்பாடு போட வேண்டும். விருந்துக்கு அறுக்கக் குதிரை கொழுத்துத் தயாராக நிற்கிறது. ஊரே வந்து உட்காரும், பெரிய பெரிய கொப்பரைகள் கொதிக்கும், அத்தோடு செத்தவன் வீட்டை விட்டு ஒரேயடியாகக் கிளம்பிவிடுவான். அந்தக் கொப்பரைகளுக்குத்தான் அந்த விறகு.

டிரைவர் முற்றத்தில் கொட்டினான். தடதடவென்று சரிந்து வாசற்படி வரைக்கும் வந்து நின்றது. பிளந்த பைன், நடுநடுவே வெள்ளைத் தோலோடு பிர்ச். பச்சைப் பிசின் வாசனை மூக்கில் ஏறியது. அன்று வெள்ளிக்கிழமை. செத்தவருக்கு வாசனை போய்ச் சேரட்டும் என்று பிபிகுல் எண்ணெயில் ரொட்டி சுட்டு வைத்திருந்தாள். டிரைவர் இரண்டை வாயில் திணித்துக்கொண்டு, பாதை உறைவதற்குள் இறங்க வேண்டும் என்று ஓடிவிட்டான்.

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. குவியல் நனைந்து உறைந்துவிட்டால் அத்தனை விறகும் ஒரே பாறை. கடப்பாரைக்கும் அசையாது. கொழுந்தன் மேதெத் காலையில் ஆட்களோடு வருவதாகச் சொல்லியிருந்தான். அதுவரை மழை பொறுக்காது. சூரியன் இறங்கும் நேரத்தில் கையில் வேலை வைத்துக்கொள்ளக் கூடாது என்பார்கள் எங்கள் பக்கம். அந்த நேரம் நமக்கு உரியதில்லை... போய்ச் சேர்ந்தவர்களுக்கு உரியது. பிபிகுலுக்கு அது தெரியாதா என்ன? தெரிந்தேதான் முற்றத்தில் இறங்கினாள்.

விறகு அட்டி போட இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சுவரைப் பார்த்து அடுக்க, ஒருவர் பின்னால் நின்று எடுத்துக் கொடுக்க. கல்யாணம் ஆன வருஷத்திலிருந்தே அடுக்குவது அவள், கொடுப்பது தோக்தார். இளவயதில் ரம்பத்துக்குப் பாதி ஆள்காட்டி விரலைக் கொடுத்தவன், ஆனால் கட்டை கொடுப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. அவள் திரும்பவே வேண்டாம், கையைப் பின்னால் நீட்டினால் போதும். இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டுவான். ஈரமானது 'தொப்'பென்று சொல்லும், காய்ந்தது 'டங்'கென்று பேசும். காய்ந்ததாகப் பார்த்து, பட்டை மேலே இருக்கும்படி, அவள் உள்ளங்கையில் வைப்பான்.

போன வருஷமும் அப்படித்தான் வேலை நடந்தது. பாதி அட்டியில் கையை நீட்டினாள். கட்டை வரவில்லை.

"யோவ் கிழவா, என்ன, கட்டைக்குச் சவரம் பண்ணிட்டு இருக்கியா?"

நீட்டிய கையை ஆட்டிக் காட்டினாள்.

"தூங்கு, நல்லாத் தூங்கு. எல்லாத்தையும் நானே செய்யணும்னு என் தலையெழுத்து."

கோபம். திரும்பாமலேயே பக்கவாட்டில் குனிந்து, தானே பொறுக்கி, ஒரு வரிசையை அடுக்கி முடித்தாள். அப்புறம்தான் திரும்பினாள். தோக்தார் குவியலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு கட்டை... பட்டை மேலே பார்த்தபடி.

உயிர் எப்போது போனதோ, யாருக்குத் தெரியும்? அவள் கையை நீட்டியபோதா, திட்டிக்கொண்டிருந்தபோதா... அந்த ஒரு வரிசைதான் வருஷம் முழுக்க அவளை அரித்தது. திரும்பியிருந்தால் கடைசியாக முகத்தையாவது பார்த்திருப்பாள். திட்டாமல் அனுப்பியிருப்பாள். பாவம், அதை நினைத்து நினைத்தே பாதியாகிப் போனாள்.

சரி, இந்த வருஷத்துக்கு வருவோம். குனிந்தாள், எடுத்தாள், நிமிர்ந்தாள், வைத்தாள். இடுப்பு விட்டுப்போனது. வெளிச்சம் மங்கியது. அதுவரை குரைத்துக்கொண்டிருந்த நாய் சட்டென்று நிறுத்தியது. களைப்பில், ஏதோ பழக்க தோஷத்தில்... கையைப் பின்னால் நீட்டிவிட்டாள்.

டங்.

கட்டை வந்து உள்ளங்கையில் உட்கார்ந்தது. பட்டை மேலே.

அவள் அதை அட்டியில் வைத்தாள். மறுபடி நீட்டினாள். டங். பழைய ஆட்டுத்தோல் கோட்டின் வாசனை வந்தது. புகையிலை வாசனை வந்தது. மூச்சுச் சத்தம் மட்டும் வரவில்லை.

பயப்படவில்லையா என்று கேட்கிறீர்கள். பயந்தாள். திரும்பினால் போய்விடுவானோ என்றுதான் பயந்தாள்.

இருட்டு முழுதாக இறங்கியதும் கட்டை வருவது நின்றது. மறுநாள் காலை வந்த ஆட்களை, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று திருப்பி அனுப்பிவிட்டாள். பகலில் விறகைத் தொடவில்லை. பொழுது சாய்ந்தால் முற்றம், சுவர், பின்னால் நீட்டிய கை. குவியல் தீர்ந்தது. அவள் என்ன செய்தாள் தெரியுமா? பகலோடு பகலாக அட்டியைச் சரித்துத் தள்ளிவிட்டு, சாயங்காலம் எதிர்ச் சுவரில் முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஒரு கட்டையைக்கூட எரிக்கவில்லை. எரித்தால் குறைந்துவிடுமே.

மேதெத் வந்து பார்த்தான்.

"அண்ணி, அட்டி அந்தச் சுவர்லதானே இருந்துச்சு? விறகுக்குக் காலு முளைச்சிருச்சா?"

"காத்தாடட்டும்னு மாத்தினேன்."

"கையைப் பாருங்க, தோலே இல்ல. வீடு ஐஸா கிடக்கு. இவ்ளோ விறகை வச்சுக்கிட்டு குளிர்ல நடுங்குற ஆளை இப்பத்தான் பாக்குறேன்."

"மேதெத்... சாப்பாட்டைக் கொஞ்சம் தள்ளிப் போடேன்."

"ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு, இப்பப் போயி... அண்ணனை இன்னும் எத்தனை நாள் முற்றத்துலயே நிக்க வைப்பீங்க? போக விடுங்க அண்ணி."

அவன் பேச்சுவாக்கில்தான் சொன்னான். அவள் சட்டென்று முற்றத்தைப் பார்த்தாள்.

சாப்பாட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் கடைசி முறையாக அடுக்கினாள். விடிந்தால் எல்லாம் கொப்பரைக்கு அடியில். ஒவ்வொரு கட்டையையும் கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத்தான் அடுக்கினாள். எத்தனை மெதுவாகச் செய்தாலும் குவியல் கரையத்தானே செய்யும்?

டங்... டங்... அப்புறம் சத்தம் இல்லை.

பிபிகுல் கையை மடக்கவில்லை. நீட்டியபடியே, சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"போன வருஷம் திட்டிட்டேன்ல... அது வெறும் வாய்தான்யா. மனசுல ஒண்ணும் இல்லய்யா."

காற்றுகூட அசையவில்லை.

அப்போது உள்ளங்கையில் ஏதோ வந்து உட்கார்ந்தது. கட்டை இல்லை. கை. பட்டை மாதிரிச் சொரசொரப்பு, பனிக்கட்டிச் சில்லிப்பு. ஒரு விரல் பாதிதான். அது அவள் கையை இறுகப் பிடித்தது. பிடித்து... மெதுவாகப் பின்னுக்கு இழுத்தது. ஒரு தடவை. கொஞ்சம் பொறுத்து, இன்னொரு தடவை.

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். திரும்பவில்லை. திரும்பினால் போய்விடுவான். இருட்டு இறங்கும்வரை பிடித்துக்கொண்டே நின்றாள். அப்புறம் விரல்கள் ஒவ்வொன்றாக நழுவின.

மறுநாள் ஊரே வந்தது. இப்படி நின்று எரிகிற விறகைப் பார்த்ததில்லை, புகை என்பதே இல்லை என்று எல்லாரும் மெச்சினார்கள். பிபிகுல் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். யாருக்கும் வலது கையை நீட்டவில்லை. மூடியே வைத்திருந்தாள்.

அடுத்த வருஷமும் விறகு வந்தது. அதற்கடுத்த வருஷமும். பொழுது சாய்ந்ததும் சுவரைப் பார்த்து நின்று கையைப் பின்னால் நீட்டுவாள். வெறுங்கை. அப்படியே நிற்பாள். மேதெத்தோ யாரோ வந்து கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போவார்கள்.

சாகப் போகிற சமயத்தில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒராஸின் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாளாம். சொல்லிவிட்டு ஒன்று கேட்டாளாம்.

"அந்தக் கிழவன் இழுத்தாண்டி. திரும்பிப் பாருன்னுதானே இழுத்தான்? அவன் செத்த அன்னிக்கும் திரும்பல, ரெண்டாவது தடவையும் திரும்பல பாரு."

ஒராஸின் அம்மா அழுதாள், அவ்வளவுதான்.

உடம்பைக் கழுவியதும் அவள்தான். விறைத்துப்போன வலது கையை மெல்லப் பிரித்தாள். குப்பென்று பைன் வாசனை. உள்ளங்கையிலிருந்து புறங்கை வரைக்கும் பிசினில் விரல் தடம் பதிந்திருந்தது, ஒரு விரல் பாதி. வெந்நீர் ஊற்றினாள். சோப்புப் போட்டாள். எண்ணெய் தடவித் தேய்த்தாள். போகவில்லை. தேய்த்த துணி ஒட்டிக்கொண்டு வந்தது.

இத்தனை வருஷம் கழித்தும், அந்தப் பிசின் இன்னும் காய்ந்திருக்கவில்லை.