போர்டை மூடும் முறை

சனிக்கிழமை மாலை ஐந்தரைக்கு எங்கள் அலுவலகத்துக்கு டீ வரும். அன்றும் வந்தது. குடித்துவிட்டுத்தான் டெலிபோன் போர்டை மூட ஆரம்பித்தேன், ஐயா.

காரிமங்கலம் சாலையில் உள்ள அந்தக் கிரானைட் கம்பெனியில் நான் டெலிபோன் ஆபரேட்டர். கணவர் போன பிறகு என் பிள்ளைகள் இருவரும் அந்த போர்டை நம்பித்தான் வளர்ந்தார்கள். இந்த மாதத்தோடு போர்டு வேண்டாம், தன் அறையில் ஒரு போன் போதும் என்றார் மேனேஜர் சவுரியப்பன். அதுவரை மாலையில் சீக்கிரம் மூடிவிட வேண்டுமாம்.

"குவாரியில யாருக்காச்சும் அடிபட்டா யாருக்குங்க சொல்லுவாங்க?" என்றேன்.

"கல்லு எங்கம்மா ஓடிப் போவுது? திங்கக்கிழமை சொல்லட்டும்."

கிளார்க்குகளும் சிரித்தார்கள்.

போர்டை மூட ஒரு முறை உண்டு. புதிய அழைப்பை எடுக்கக் கூடாது. நடக்கிற பேச்சை அறுக்கக் கூடாது. காதில் வைத்துக் கேட்டு, முடிந்துவிட்டது என்று தெரிந்த பிறகே வயரை உருவ வேண்டும். எல்லாம் உருவியானதும் பேட்டரியை அணைக்கலாம். நான் அதில் ஒருநாளும் தவறியதில்லை.

மற்ற பேச்சுகள் முடிந்தன. மேனேஜர் மட்டும் பெங்களூருக்கு டிரங்க் காலில் பேசிக்கொண்டிருந்தார். அப்போது குவாரியிலிருந்து அழைப்பு வந்தது. புதிய அழைப்பு. காதில் மட்டும் வைத்தேன். பாறையில் துளை போடும் மாயவன் பேசினான்.

"அக்கா, சர்தார் அண்ணன் மேல கல்லு சரிஞ்சிருச்சுங்க. உசுரு இருக்குது. ஜீப்ப அனுப்பச் சொல்லுங்க."

சர்தார் நல்லவர். ரம்ஜானுக்கு என் பிள்ளைகளுக்குத் துணி எடுத்துத் தருவார். ஜீப் ஜன்னலுக்கு வெளியேதான் நின்றது. மேனேஜரின் பேச்சில் புகுந்து "சார்" என்றிருந்தால் போதும். ஆனால் ஆபரேட்டர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. வாயால் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. எனக்கு வேறு வழி இல்லை.

உடனே ஜீப் போயிருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னதாகச் சொல்கிறீர்கள். இருக்கலாம். மேனேஜர் பேசி முடிக்கும்வரை நான் காத்திருந்தேன். யார் பேச்சையும் அறுக்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மாயவனுடையது பேச்சு ஆகாது, நான் பதிலே சொல்லவில்லையே.

பேட்டரியின் மேல் கை வைத்தபோதும் அவன் லைனில் இருந்தான்.

"நீங்க மூச்சு விடறது கேக்குதுங்கக்கா. இருக்கீங்கதானே?"