கோடு ஏறுது

ஆமாண்ணே, நான்தான் போன் போட்ட நீலாவதி. இல்ல இல்ல, பாம்பு கடிக்கல. செம்பன மரத்து முள்ளுதான் குத்துச்சு. செருப்போடயே வாங்க, பரவால்ல. எம் புருசன் ரூம்புலதான் கெடக்குறாரு. அவுத்து விடுடின்னு கத்துறாரே, கேக்குதில்ல? ஆம்புலன்ஸ்ல நீங்க வரட்டும்னுட்டேன்.

புதன்கெழம தோட்டத்துல செம்பனக் கொல வெட்டையில கணுக்கால்ல ஏறிருச்சு. பூட்ஸ் போடுங்கடான்னு வேல வாங்குற மண்டோர் தெனம் கத்துவாரு. எம் புருசன் இந்த நல்லசாமி கேப்பாரா? ஊக்க வச்சு நோண்டிட்டு மேல பெட்ரோல ஊத்துனாரு. பெரிய டாக்டரு! மறுநாளே காலு வீங்கி, தொடையிடுக்குல நெறி கட்டிக்கிச்சு. கிளினிக்குக்குப் போவோம் வாங்கன்னேன். சுடுதண்ணி கேத்தல் பறந்து வந்துச்சு. இந்தா பாருங்க, தோள்ல கொப்புளம்.

இன்னிக்குக் காலையில பாத்தா, கணுக்கால்லேருந்து செவப்பா ஒரு கோடு முட்டியத் தாண்டி ஏறுது. வெசம் நெஞ்சுக்கு ஏறக்கூடாதுன்னா மேல கட்டுவோமில்ல, அந்த மாதிரி தொடையில கயித்தப் போட்டு இறுக்கிட்டேன்.

என்னது? வெசம் இல்லியா? நெணநீர்க் கொழாயா? அதுக்குள்ள கிருமி பூந்து அழலுதா? கட்டுனா காலே போயிருமா? ஐயையோ, தெரியாமப் பண்ணிட்டேன்லா. உள்ள போனதும் மொதல்ல அத அறுத்துருங்க. ஆளு பொழைக்கணும்ணே. சாகட்டும்னு நெனச்சிருந்தா உங்களுக்கு ஏன் போன் போடுறேன்?

கதவத் தொறக்குறதுக்கு முன்னால ஒரு வார்த்த. போன மாசம் என்னை அடிக்கையில எம் மக புனிதா குறுக்க வந்தா. அவ கைய முறுக்கி ஒடச்சிட்டாரு. மாவுக்கட்டோட செனாவாங்ல எந்தங்கச்சி வீட்டுல கெடக்குறா. நேத்து ராத்திரி காய்ச்சல்லயும் அதே பேச்சு. காலு ஆறட்டும், அவள இழுத்தாந்து உன் கண்ணு முன்னாலயே பராங்கத்தியால வெட்டுறேன்னாரு. சொன்னா செய்யிற மனுசன்ணே. அதுல மட்டும் வாக்கு தவறுனதே இல்ல.

காலையில தொடையில கட்டி முடிச்சும் கயிறு மிச்சம் இருந்துச்சு. ஆளு அசந்து கெடந்தாரு. ரெண்டு கையையும் சேத்துக் கட்டில்லயே கட்டிட்டேன். போலீசுக்கும் சொல்லிட்டேன், ரந்தாவ்லேருந்து வந்துக்கிட்டே இருக்காங்க. நீங்க ஊசி போடுங்க, மருந்து ஏத்துங்க. அவங்க வர்ற வரைக்கும் கைக்கட்ட மட்டும் தொடாதீங்க.

காலுல கட்டுனதுதான்ணே தெரியாமக் கட்டுனது.