ஃப்ரேமுக்கு வெளியே

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, ஐயா. காகிதத்தை நாலாக மடித்து அடியில் வைத்தால் ஆட்டம் நின்றுவிடும். வேண்டாமா, சரி. சின்னக் கோளாறு கண்ணில் பட்டால் எனக்குக் கை சும்மா இருக்காது.

மருத்துவமனைக் கணினிகளில் ஓடும் நோயாளிப் பதிவு மென்பொருளை எழுதியவன் நான். என் அண்ணி அங்கே தலைமை நர்ஸ். விவாகரத்துக்குப் பிறகு அண்ணன் வீட்டு மாடியில்தான் இருக்கிறேன். சாப்பாடு அண்ணி கையால். நன்றாகவே சமைப்பார், அதில் குறை சொல்ல மாட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அண்ணி ஆரம்பித்தார். "தம்பியோட சாஃப்ட்வேர்ல நாலு டேப் திறந்தாதான் ஒரு ஊசி போட முடியும். அதுக்குள்ள நோயாளியே குணமாகி வீட்டுக்குப் போயிடுவார்."

அண்ணன் சிரித்தான். அம்மாவும் சிரித்தாள். டேப் என்றால் திரையில் தனித்தனியாகத் திறக்கும் பக்கம் என்றுகூட அம்மாவுக்குத் தெரியாது, ஐயா. தெரியாமலே விழுந்து விழுந்து சிரித்தாள்.

"எல்லாத்தையும் ஒரே டேப்ல போட்டுக் குடுங்க தம்பி. இதுகூடவா முடியாது?" என்றார் அண்ணி.

"சரிங்க அண்ணி," என்றேன்.

ஒரு டேப்புக்குள் பல சமாச்சாரங்களை அப்படியே கொட்ட முடியாது. முதலில் ஒரு ஃப்ரேம் வைக்க வேண்டும், காலிப் பெட்டி மாதிரி. பெயர், மருந்து, அளவு, ஒவ்வாமை எச்சரிக்கை எல்லாவற்றையும் அதற்குள் வரிசையாக அடுக்க வேண்டும். ஏதாவது ஒன்றை ஃப்ரேமுக்கு வெளியே விட்டால் அது மூலையில் போய் உட்காரும். அதன்மேல் ஃப்ரேம் ஏறிக்கொள்ளும். அடியில் இருப்பது அழிந்துபோகாது. கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அண்ணியின் திரையில் அப்படி அடியில் போனது சிவப்பு எழுத்தில் வரும் ஒவ்வாமை எச்சரிக்கை. முன்பு அதற்குத் தனி டேப் இருந்தது. எவ்வளவு அவசரமானாலும் அதைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் ஊசியை எடுப்பார். இப்போதுதான் எல்லாம் ஒரே டேப்புக்குள் வந்துவிட்டதே. அவர் கேட்டதுதானே.

புதிய திரையைக் கொடுத்த மூன்றாம் நாள் காலில் புண்ணோடு ஒரு தையல்காரம்மா வந்தார். அவருக்கு ஆகாத மருந்தையே அண்ணி ஏற்றினார். கால் மணி நேரத்தில் மூச்சு நின்றுவிட்டது. அந்த அம்மாவை எனக்குத் தெரியாது. அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அண்ணி வீட்டுக்கு வந்து மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "நான் பார்த்தேன் தம்பி. சத்தியமா பார்த்தேன். அதுல ஒண்ணுமே இல்ல."

தண்ணீர் கொடுத்தேன். "வேலைப் பளு அண்ணி. கண்ணுல பட்டிருக்கும், மனசுல பதிஞ்சிருக்காது," என்றேன். ஒரு வாரம் திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். இப்போது அவரும் அப்படித்தான் சொல்கிறார். வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். சமையலறைப் பக்கமே வருவதில்லை. நேற்று ரசம் வைத்து நான்தான் ஊட்டினேன்.

நானாக இந்த போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்ததற்குக் காரணம் அண்ணி இல்லை. உங்கள் நிபுணர் கொடுத்த அறிக்கை. அண்ணன் அதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினான். 'எச்சரிக்கையை ஃப்ரேமுக்குள் வைக்க மறந்திருக்கிறார். புதிதாக இந்தத் தொழிலுக்கு வருபவர்கள் செய்யும் பிழை.' அம்மா என்னைப் பாவமாகப் பார்த்தாள். அதற்குப் பதில் அவள் சிரித்தே இருக்கலாம்.

பதினாறு வருடம் இந்த வேலையில் இருக்கிறேன், ஐயா. உங்கள் நிபுணர் தலைமை நர்ஸின் திரையை மட்டும் திறந்து பார்த்திருக்கிறார். மற்ற பதினோரு நர்ஸ்களின் திரைகளையும் திறக்கச் சொல்லுங்கள். எச்சரிக்கை ஃப்ரேமுக்குள்ளேயே, முதல் வரியிலேயே, சிவப்பாக நிற்கும். அண்ணியின் பெயரில் நுழைந்தால் மட்டும்தான் அது வெளியே போகும். அந்த ஒரு வரியை எழுதி, நான்கு முறை ஓட்டிப் பார்த்துச் சரிபார்த்த பிறகுதான் கொடுத்தேன்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும், காட்டுங்கள். அதற்குமுன் அந்த அறிக்கையில் 'பிழை' என்று இருப்பதை மட்டும் அடித்துவிடுங்கள்.